டர்போ மூக்குக்கு உப்புத்தண்ணி அபிஷேகம்

வெள்ளிக்கிழமை ஆனா மரக்காணத்துல தேர்த் திருவிழா கூட்டம். தேர் எதுவும் வராது, வர்றது பூரா காரு. ஈசிஆர் ரோட்டோரம் ஒரு பழைய உப்பு குடோன், வாசல்ல பந்தல், பந்தல்ல ஸ்பீக்கர், ஸ்பீக்கருக்குக் கீழ போர்டு: "வாகன வாயு தோஷ நிவர்த்தி பீடம். டர்போ வண்டிகள் மட்டும்."

"மட்டும்"னு போட்டான் பாருங்க அந்தப் பீடத்துச் சாமி, அங்கதான் இருக்குது அவன் கெட்டிக்காரத்தனம். என் பேரு தனக்கோடி. மரக்காணம் கார் ஸ்டாண்டுல இருபத்திரெண்டு வருஷமா அம்பாசடர் ஓட்டறேன். என் வண்டிக்கு டர்போவும் இல்ல, அதனால தோஷமும் இல்ல. ஒரு தடவை சும்மா எட்டிப் பாக்கப் போனேன். "உங்களுக்கு உள்ள அனுமதி இல்லீங்க"ன்னு சொல்லி வெளிய நிக்க வெச்சுட்டானுங்க. தோஷத்துக்குக்கூடத் தகுதி வேணுமாம்!

இது ரெண்டாயிரத்தி ஆறுல நடந்தது. அந்த வருஷம் தை மாசத்துல எங்க ஸ்டாண்டுல பன்னெண்டு பேரு ஒரே மாடல் சின்ன டீசல் காரு எடுத்தானுங்க. பின்னாடி "டர்போ இன்டர்கூலர்"னு சிவப்பு எழுத்து. முன்னாடி பானட்டு மேல ஒரு ஓட்டை, மூடி கிடையாது, மூக்கு மாதிரி தூக்கிக்கிட்டு நிக்கும். அது எதுக்குன்னு ஷோரூம்காரன் சொல்லல. நம்ம ஆளுங்களும் கேக்கல. பாட்டு சத்தமா கேக்குமா, ஏசி சில்லுன்னு வருமான்னு கேட்டுட்டு மாலையைப் போட்டு ஓட்டிக்கிட்டு வந்துட்டானுங்க.

சித்திரை வெயில் வந்துச்சு. ஏற்கெனவே எங்க ஊர் காத்துல பாதி உப்பு, மீதி புழுதி. நாலு பேரை ஏத்திக்கிட்டு உப்பங்கழிப் பாலத்து ஏத்தத்துல போனா வண்டி முக்க ஆரம்பிச்சுடுச்சு. நாலாவது கியர்ல பறந்த வண்டி மூணுக்கு எறங்குது, அப்புறம் ரெண்டுக்கு. பின்னாடி வர்ற லாரிக்காரன் ஹாரன் அடிச்சே கொன்னுடறான். எங்கிருந்து மோப்பம் பிடிச்சானோ தெரியல, சரியா அந்த நேரத்துக்கு வந்து எறங்கினான் டர்போ சாமி.

வந்தவன் பானட்டு ஓட்டையைப் பாத்தான். பாத்ததும் கண்ணுல பொலபொலன்னு தண்ணி. "மகனே! இது வாயு பகவான் மூச்சு விடற துவாரம். இதைத் தொறந்து போட்டுட்டு ஊரெல்லாம் சுத்தறீங்களே, எத்தனை பேரு கொள்ளிக்கண்ணு உள்ள போயிருக்கும்!"

அவ்வளவுதான். பன்னெண்டு டிரைவரும் கால்ல விழுந்துட்டானுங்க.

பரிகாரம் ரெண்டு. அமாவாசைக்கு அமாவாசை "வாயு மோட்சம்". அதாவது, மந்திரம் சொல்லிக்கிட்டே இருபத்தோரு குடம் தீர்த்தத்தை அந்த மூக்குக்குள்ள ஊத்துவான். சும்மா சொல்லக் கூடாது, ஊத்தின மறுநிமிஷம் வண்டி பாலத்துல பறக்கும். நானே பாத்தேன். ரெண்டாவது பரிகாரம், அந்தச் சக்தி கலையாம இருக்க, வாராவாரம் வெள்ளிக்கிழமை உப்புத்தண்ணி அபிஷேகம். "உப்புக்குத் திருஷ்டியை முறிக்கற குணம் உண்டு. உங்க ஊரோ உப்பு ஊரு. உப்பளத்துக் கடைசிப் பாத்தியில எண்ணெயாட்டம் கெட்டியா நிக்குமே, அந்தத் தண்ணிய ஒரு செம்பு ஊத்து!"

ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு செம்பு போவுது. அமாவாசை நெருங்க நெருங்க வண்டி படுக்குது. உடனே மோட்சத்துக்கு ஓடறானுங்க. வண்டி படுத்தா திருஷ்டி பலமா இருக்குதாம், எழுந்தா சாமி பலமா இருக்காராம். எப்படிப் பாத்தாலும் சாமிக்குத் தட்டுல ஐநூத்தி ஒண்ணு!

இந்து மட்டும்தான் ஏமாந்தான்னு நெனைக்காதீங்க. வரிசையில முன்னாடி நிக்கறவன் சவரிமுத்து, ஞாயித்துக்கிழமை பூசையை விடமாட்டான், வெள்ளிக்கிழமை செம்பையும் விடமாட்டான். அவன் பின்னாடி கூனிமேட்டு தவுசீப், தலையில கர்ச்சீப் கட்டி மறைச்சுக்கிட்டு, உம்மாவுக்குத் தெரியாம வந்து நிப்பான். எங்க ஊர்ல எல்லா மதத்துக்காரனும் சண்டை போடாம ஒரே க்யூவுல நிக்கறது ரெண்டே எடத்துல. ஒண்ணு ரேஷன் கடை, இன்னொண்ணு டர்போ சாமி.

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போற கதையா இருந்திருக்கும். திருமுருகன் விஷயம் வந்த பிறகு எனக்குச் சிரிப்பு நின்னு போச்சு.

திருமுருகன் எங்க ஸ்டாண்டு பையன். அவன் வண்டி எடுத்ததும் தை மாசம், குயிலாப்பாளையத்து அமராவதியைக் கட்டினதும் தை மாசம். அவன் அம்மா செல்லம்மாள் முப்பது வருஷமா உப்பளத்துல உப்பு வாருறவங்க. பக்தி ஜாஸ்தி. மத்தவன் வாரம் ஒரு செம்பு ஊத்தினா, இந்தம்மா வேலை முடிஞ்சு வர்றப்ப தெனம் ஒரு செம்பு கொண்டாந்து ஊத்துவாங்க. விளைவு என்னா? பன்னெண்டு வண்டியிலயும் மட்டமான வண்டி திருமுருகன் வண்டி. மோட்சம் முடிஞ்ச நாலாம் நாளே திரும்பவும் முக்கும்.

சாமிக்குச் சங்கடம் ஆயிடுச்சு. இவ்வளவு பக்தியான வீட்டு வண்டியே ஓடலன்னா தொழில் படுத்துடும் இல்ல? கண்ணை மூடினான். தொறந்தான். "இந்த வண்டி வந்த மாசமே வீட்டுக்கு வந்தவ யாரு?"

"எம் மருமவ சாமி."

"அவ ராசி அக்னி ராசி. அவ காலடி பட்ட வண்டியில வாயு தங்காது. ஆடி அமாவாசைக்குள்ள அவ கல்யாண உறவை அத்து விடு. இல்லாட்டி வண்டி மட்டும் இல்ல, ஓட்டறவன் உசுருக்கும் நான் பொறுப்பில்ல."

புள்ள உசுருன்னு சொன்னா எந்தத் தாய்க்குக் குலை நடுங்காது? புதுப் பொண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பறது வழக்கம். அமராவதியை வைகாசியிலயே பொட்டியோட பஸ் ஏத்தி விட்டாங்க. ஆடி அமாவாசை அன்னிக்குப் பீடத்துலயே பெரியவங்க உக்காந்து அத்து விடறதுன்னு பேச்சு. திருமுருகன்? பொண்டாட்டி மேல உசுரா இருக்கறவன்தான். ஆனா வாயைத் தொறக்கல. எனக்கு வந்த கோவத்துக்கு அவனை அங்கயே ரெண்டு அறை விட்டிருக்கணும், தப்பு பண்ணிட்டேன்.

ஆனி மாசம் ஒரு நாள் மத்தியானம், "பாண்டிச்சேரி வரைக்கும் சும்மா வாயேன்ணா"ன்னு என்னை இழுத்துக்கிட்டுப் போனான். வண்டி பாண்டிச்சேரி போகல, குயிலாப்பாளையத்துப் பக்கம் திரும்புச்சு. பாவம், பொண்டாட்டியைப் பாக்கணும்னு இருந்திருக்குது. அமராவதி வாசலுக்கு வந்தா. புருஷனைப் பாக்கல, வண்டியைத்தான் பாத்தா.

"என்னாயா இது, ஆஸ்துமாக்காரன் மாதிரி இரைச்சுக்கிட்டு வருது? பானட்டைத் தொற."

அந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு முன்ன நாலு வருஷம் ஜெனரேட்டர் ஒர்க்ஷாப்புல வேலை பாத்தவ. ரேடியேட்டர் கழுவறது அவ வேலை. மாப்பிள்ளை வீட்டுல இதுவரைக்கும் யாரும் அதைக் கேட்டதில்ல. சமைக்கத் தெரியுமான்னு மட்டும் கேட்டிருக்காங்க.

பானட்டு மூக்குக்கு நேர் கீழ ஒரு தட்டைப் பொட்டி. அதுல சீப்புப் பல்லாட்டம் மெலிசு மெலிசா தகடு. தகடே தெரியல, பூரா வெள்ளையா பூத்துப் போயிருந்துச்சு. அமராவதி விரலால சுரண்டினா, நாக்குல வெச்சா, த்தூன்னு துப்பினா.

"உப்பு! எவன்யா இதுல உப்பளம் போட்டது?"

திருமுருகன் பரிகாரத்தைச் சொன்னான். அவ தலையில அடிச்சுக்கிட்டா. "சைக்கிளுக்குக் காத்து அடிக்கறப்ப பம்பு சுடுதா இல்லையா?"

"சுடும்."

"டர்போவும் காத்தை அமுக்கித்தான் எஞ்சினுக்குத் தள்ளுது. அமுக்கின காத்து சூடாயிடும். சூடான காத்துல எஞ்சினுக்குத் தெம்பு கிடையாது. அதை ஆத்தறதுக்குத்தான் இந்தப் பொட்டி, இதான் இன்டர்கூலர். மேல இருக்கற ஓட்டை வழியா வெளிக்காத்து வந்து இந்தத் தகடு சந்துல பூந்து போகணும். அப்பதான் ஆறும். சந்தைப் பூரா உப்பு வெச்சு அடைச்சுட்டா எப்படிய்யா ஆறும்?"

குழாயில ஓஸ் மாட்டினா. தகடு மடங்காம சாய்வா தண்ணி விட்டா. உப்பு கரைஞ்சு வெள்ளையா ஓடுச்சு. அப்புறம் குனிஞ்சு பாத்தா, ஓட்டைக்கும் பொட்டிக்கும் நடுவுல விரல் அகலத்துக்கு இடைவெளி. "வர்ற காத்துல பாதி பொட்டிக்குள்ள போகாம இந்தப் பக்கம் நழுவிடுது பாரு"ன்னு சொல்லி, பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுத்திலும் அடைச்சா. மொத்த வேலையும் ஒரு டீ குடிக்கற நேரம். வண்டியை எடுத்தோம் பாருங்க, ஈசிஆர்ல முன்னாடி போன பஸ்ஸை ஒரே மிதியில தாண்டிட்டோம்.

திருமுருகன் கண்ணுல தண்ணி. திரும்பி வந்து பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டான். "அமரா, நீ மனசு எறங்கித் தொட்ட இல்ல, அதான் உன் தோஷம் கழிஞ்சு வண்டி ஓடுது!"

யோவ்! எனக்கு அங்கயே ரோட்டுல உருளணும் போல ஆயிடுச்சு. அந்தப் பொண்ணு அவன் பிடியிலேர்ந்து கையை உருவிக்கிட்டா. அப்புறம் என்கிட்ட சொன்னா: "அண்ணே, இவருகிட்ட பேசிப் பிரயோஜனம் இல்ல. அமாவாசைக்கு நானே வர்றேன்."

ஊருக்குத் திரும்பினதும் செல்லம்மாள் ட்யூபைப் பாத்துட்டாங்க. "வண்டி மூக்குல கருப்பு கட்டினது எவன்?"னு பிடுங்கிப் போட்டுட்டு, வழக்கப்படி தெனம் ஒரு செம்பு. ஒரே வாரத்துல பழைய குருடி கதவைத் தொறடிதான்.

ஆடி அமாவாசை. பந்தல் நிறைஞ்சு வழியுது. பெரியவங்க நாலு பேரு பாயில உக்காந்தாச்சு. சாமி கையில மைக்கு. அமராவதி கூட்டத்தை விலக்கிக்கிட்டு நேரா வந்து நின்னா.

"சாமி, ஒரு சந்தேகம். மோட்சம் பண்ணினா வண்டி ஓடுதே, அது தண்ணியாலயா, மந்திரத்தாலயா?"

சாமி சிரிச்சான். மைக்குல சொன்னான், ஊருக்கே கேக்கற மாதிரி: "மந்திரத்தால் தாயே! தீர்த்தம் வெறும் சாட்சி!"

"ரொம்ப சந்தோஷம். அப்ப மூணு வண்டி எடுப்போம். சவரிமுத்து அண்ணன் வண்டிக்கு வழக்கப்படி மந்திரமும் தீர்த்தமும். தவுசீப் வண்டிக்கு உங்க மந்திரம் மட்டும், சாட்சி வேணாம், ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தக் கூடாது. எங்க வண்டிக்கு மந்திரமே வேணாம். தெருக்குழாய்த் தண்ணிய நான் ஊத்தறேன். தோஷம் பிடிச்ச கை இதுதானே? இந்தக் கையாலயே ஊத்தறேன். நாலு நாலு பேரை ஏத்திக்கிட்டு, நாலாவது கியரை மாத்தாம பாலம் ஏறணும். எங்க வண்டி ஏறலன்னா யாரும் என்னை அத்து விட வேணாம், நானே அத்துக்கிட்டுப் போறேன்."

சாமிக்கு வேர்த்துச்சு. "தெய்வத்தைச் சோதிக்கக் கூடாது..."

"தெய்வத்தை எங்க சாமி சோதிக்கறேன், உங்களைத்தான்."

பெரியவங்கள்ல ஒருத்தர், "மந்திரம்தான் வேலை செய்யுதுன்னு நீங்களே சொன்னீங்களே சாமி, பண்ணிக் காட்டிடுங்க"ன்னுட்டார். அவரு நல்ல எண்ணத்துலதான் சொன்னாரு. சாமியால மறுக்க முடியல.

முதல்ல மூணு வண்டியையும் அப்படியே பாலத்துக்கு ஓட்டினோம். மூணும் பாதி ஏத்தத்துல முக்கி நின்னுச்சு. திரும்பி வந்து அவங்கவங்க வைத்தியம் ஆரம்பிச்சாங்க. தவுசீப் வண்டிக்கு சாமி தொண்டை கிழிய அரை மணி நேரம் மந்திரம் சொன்னான். கஷ்டப்பட்டான்னுதான் சொல்லணும். அமராவதி பாட்டுக்கு ஓஸைப் பிடிச்சு, சத்தம் போடாம கழுவிக்கிட்டு இருந்தா. செல்லம்மாள் பக்கத்துல நின்னு, மருமவ மொகத்தைப் பாக்காம பாலத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. உதடு மட்டும் என்னமோ வேண்டிக்கிட்டு இருந்துச்சு.

மறுபடியும் பாலம். சவரிமுத்து வண்டி சர்ருன்னு ஏறுச்சு. கூட்டம் கையைத் தட்டுச்சு, சாமி கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணினான். அடுத்து திருமுருகன் வண்டி. நாலாவது கியரு, நாலு பேரு, அதுல ஒருத்தன் நான், என் எடை எண்பத்தி அஞ்சு கிலோ. ஏறுச்சுய்யா! சிணுங்காம ஏறி அந்தப் பக்கம் எறங்கிடுச்சு.

மூணாவது தவுசீப் வண்டி. மந்திரம் முழுசா ஏத்தின வண்டி. பாதியில முக்குச்சு, கரும்புகை விட்டுச்சு, நின்னுடுச்சு. உள்ள இருந்தவங்க எறங்கித் தள்ளிக்கிட்டு வந்தாங்க.

"இவன் மனசுல சந்தேகம் இருக்குது!"ன்னு சாமி கத்தினான்.

தவுசீப் கொதிச்சுட்டான். "யா அல்லாஹ், என் மனசுல என்னா சந்தேகம்? சந்தேகம் இருந்தா உம்மாகிட்ட பொய் சொல்லிட்டு இத்தினி வாரம் வந்து நிப்பனா?"

சவரிமுத்து பொறுமை இழந்துட்டான். ஒரு குடத்தைத் தூக்கி தவுசீப் வண்டி மூக்குல செங்குத்தா கவுத்தான். சாமி பதறிப்போய், மைக்கு கையில இருக்கறதையும் மறந்து கத்தினான்: "டேய் டேய்! நேரா அடிக்காத! சாய்ச்சு வுடு, ஃபின்னு மடங்கிடும்!"

ஸ்பீக்கர்ல ஊரே கேட்டுச்சு.

அமராவதி மெதுவாத் திரும்பினா. "ஃபின்னா? தகட்டுக்கு ஒர்க்ஷாப்புல சொல்ற பேராச்சே, அது எந்த வேதத்துல வருது சாமி?"

அந்த நேரத்துலதான் செல்லம்மாள் முன்னாடி வந்தாங்க. தவுசீப் வண்டி ஓட்டைக்குள்ள கையை விட்டாங்க. ஓரத்துல கரையாம ஒட்டிக்கிட்டு இருந்த ஒரு பாளத்தைப் பேத்து எடுத்தாங்க. கட்டைவிரலால நசுக்கினாங்க, நாக்குல வெச்சாங்க. முப்பது வருஷம் உப்பு வாருன கைக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல.

"இது நம்ம பாத்தி உப்பு" ன்னாங்க. "சூட்டுல உப்புத்தண்ணி காஞ்சா உப்பாவும்னு எனக்குத் தெரியாதா? பொழுது விடிஞ்சா அதைத்தானே பாக்கறேன்! சூடா இருக்கற பொட்டியில தெனம் என் கையாலயே ஊத்தினேனே. ஊத்திட்டு, வாழ வந்த பொண்ணைப் போய்ப் பழி சொன்னேனே!"

கேளுங்க நியாயத்தை. உப்புத்தண்ணி காஞ்சா என்ன ஆகும்னு மத்த ஊருக்காரனுக்குத் தெரியாம இருக்கலாம். எங்க ஊரு பொழப்பே அதுல நடக்குது. பாத்தியில பாத்தா உப்புன்னு தெரியுது, பீடத்துல பாத்தா தோஷமாத் தெரியுதா?

செல்லம்மாள் அந்தச் செம்பை எடுத்துக்கிட்டு சாமி மேல பாஞ்சாங்க. ரெண்டாவது அடியிலயே சாமிக்கு ஞானம் வந்துடுச்சு. பேரு ராஜாங்கமாம். பெரிய முதலியார்சாவடியில ஒரு வாட்டர் சர்வீஸ்ல எட்டு வருஷம் பைப் பிடிச்சவனாம். அழுக்குக் கூலரைக் கழுவினா வண்டி பறக்கும்னு அங்க கத்துக்கிட்டானாம். உப்புத்தண்ணி அவன் சொந்தக் கண்டுபிடிப்பு. அழுக்கு தானா சேர மாசக்கணக்குல ஆவுது, உப்புன்னா அமாவாசைக்குள்ள அடைச்சுடும், அதான்.

"கழுவறதுக்கு அம்பது ரூபா கேட்டா மூக்கால அழுவீங்க" ன்னான், தலையைத் தடவிக்கிட்டே. "அதையே மந்திரம் சொல்லிக் கழுவினேன், கால்ல விழுந்து ஐநூறு குடுத்தீங்க. என்னை மட்டும் அடிக்கறீங்களே, இது ஞாயமா?"

ஆத்திரமா வந்துச்சு. வாங்கினதுல மிச்சம் இருந்ததை அங்கயே கக்க வெச்சு, பஸ் ஏத்தி விட்டோம்.

இதோட எங்க ஊரு திருந்திடுச்சுன்னு நெனைச்சீங்களா? மறுநாள் காலையில பாக்கறேன், அமராவதி தண்ணி பிடிச்ச தெருக்குழாய்க்கு எவனோ மஞ்சள் குங்குமம் வெச்சுட்டுப் போயிருக்கான்! ஒருத்தன் ஊதுவத்தி வேற கொளுத்தறான். "டேய், குழாயைக் கும்பிடாதீங்கடா, தொறந்து வண்டியைக் கழுவுங்கடா!"ன்னு நான் போட்ட சத்தத்துல காக்கா கூட பறந்து போயிடுச்சு.

முந்தின நாள் சாமியை அனுப்பினதும், பந்தல்ல திருமுருகன் கார் கதவைத் தொறந்து, "ஏறு அமரா, வீட்டுக்குப் போலாம்"னான். அவ ஏறல.

"என் ராசி சரியில்லன்னு சொன்னவன் பஸ் ஏறிட்டான். அதை நம்பினவன் நீ, இங்கதான் நிக்கற. போய் யோசி. யோசிச்சு முடிச்சுட்டு வா"ன்னு சொல்லிட்டு, பொடிநடையா பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டா.

திருமுருகன் மூணு நாள் யோசிச்சான். பொறந்ததுலேர்ந்து அவன் தொடர்ச்சியா யோசிச்ச மூணு நாள் அதுதான். நாலாம் நாள் அம்மாவையும் என்னையும் கூட்டிக்கிட்டு குயிலாப்பாளையம் போனான். செல்லம்மாள் உள்ள போனதும் மருமவ கையைப் பிடிச்சுக்கிட்டு, "தப்பு பண்ணிட்டேன்டி" ன்னு ஓன்னு அழுதுட்டாங்க. அமராவதி அவங்களை உக்கார வெச்சு தண்ணி குடுத்தா. அப்புறம் புருஷன் பக்கம் திரும்பினா.

"சொல்லு, என்னா யோசிச்ச?"

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "அன்னிக்கே பானட்டைத் தொறந்து பாத்திருக்கணும்."

"பானட்டு இல்லய்யா" ன்னா அமராவதி. "அன்னிக்கே வாயைத் தொறந்து 'எப்படி சாமி?'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். உன் பொண்டாட்டிக்காக அந்த ஒரு வார்த்தை உன்னால கேக்க முடியல. இனிமே கேப்பியா?"

"கேக்கறேன்" ன்னான். சின்னக் கொரல்தான், ஆனா சொல்லிட்டான். அவ உள்ள போய்த் துணிப் பொட்டியை எடுத்துக்கிட்டு வந்தா.

உங்க ஊருலயும் ஒருத்தன் குடத்தோட உக்காந்திருப்பான். குடத்துல என்னா தண்ணின்னு கேளுங்க. கேட்டா கண்ணு அவிஞ்சு போவும்னு சொல்லுவான். எங்க ஊர்ல கேட்டாச்சு, எல்லாருக்கும் ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியுது.